காற்றுப்பெட்டி காணாமல் போன திங்கட்கிழமை

ஜூன் 9, திங்கட்கிழமை, காலை 8.40. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள சிறுகார் பட்டறையில், உதிரிபாக அறையின் இரும்பு அலமாரி திறக்கப்பட்டது. இரண்டாவது தட்டு காலியாக இருந்தது.

9.05க்கு ஒரு காவல் துணை ஆய்வாளர் அங்கே வந்து சேர்ந்தார். அலமாரிக்காக வரவில்லை. அன்று அவருக்கு விடுப்பு. அவருடைய பதினோரு வயதுக் குட்டிக் கார் மேம்பாலம் ஏறும்போதெல்லாம் மூச்சு வாங்கியது. கணக்கு ஆசிரியரான கணவர் ஒரு மாதமாக இரவுச் சாப்பாட்டின்போது ஏர் ஃபில்டர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். காலையில் கிளம்பும்போதும் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார்: "நல்லா உறுமற மாதிரி ஒண்ணா பார்த்து மாட்டிட்டு வா. பள்ளிக்கூடத்துல திரும்பிப் பார்க்கணும்."

பட்டறைக்குள் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலதுபக்கம் பானெட் திறந்தபடி ஒரு மஞ்சள் நிறச் சின்னக் கார் நின்றது. அதன் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு சக்கரத்தில் அவருடைய முழங்கால் இடித்தது. 'ஸ்' என்று தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார். உதிரிபாக அறையிலிருந்து குரல் வந்தது.

"பூட்டு பூட்டினபடி இருக்கு. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் கைப்பையில. இன்னொண்ணு உன் இடுப்புல. அப்புறம் பெட்டி எப்படிப் போகும்? பறந்தா போச்சு?"

பேசியவர் முதலாளியம்மா. எதிரே ஒரு பெண் நின்றிருந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். காதில் பேனா செருகியிருந்தாள். எட்டு வருடமாக விற்பனை மேசையைப் பார்ப்பவள். எந்தப் பொருள் வந்தாலும் பெட்டியைத் திறந்து உள்ளே மடித்து வைத்திருக்கும் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிடுவாள். அதனால் பட்டறையில் அவளுக்கு நோட்டீஸ் என்று பெயர்.

"எடுக்கலைங்க. வேற என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல" என்றாள் நோட்டீஸ்.

"போட்டிக் கடைக்காரன் போன மாசம் உன்னை வேலைக்குக் கூப்பிட்டானா இல்லையா?"

"கூப்பிட்டான். நான்தானே வந்து உங்ககிட்ட சொன்னேன்!"

"மத்தியானம் ஒரு மணி வரைக்கும் பார்ப்பேன். பெட்டி வரலைன்னா சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

நோட்டீஸ் வெளியே வந்தாள். வந்தவுடன் வாடிக்கையாளரைப் பார்த்து, பழக்கத்தில் புன்னகை செய்துவிட்டாள். பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"மேடம், நீங்க போலீஸ்தானே? போன தடவை பில் போடும்போது சொன்னீங்க."

"இன்னிக்கு இல்ல. இன்னிக்கு ஏர் ஃபில்டர் வாங்க வந்தவ."

"ரெண்டும் ஒண்ணா ஆகாதா? வேலை போனா போகட்டும், வேற பார்த்துக்குவேன். திருடின்னு பேரோட போனா இந்தத் தெருவுல எவன் என்கிட்ட ஒரு சாவியைக் குடுப்பான்?"

துணை ஆய்வாளர் மணியைப் பார்த்தார். 9.15. ஒரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. "சரி. முதல்ல ஃபில்டரைக் காட்டு. பேசிக்கிட்டே பார்ப்போம்" என்றார்.

காணாமல் போனது ஒரு காற்றுப்பெட்டி. எஞ்சினுக்குள் போகும் காற்றை வாங்கி, வடிகட்டி, உள்ளே அனுப்பும் பெட்டி. கார்பன் ஃபைபரில் கையாலேயே செய்தது. செய்தவன் முதலாளியம்மாவின் கணவருக்குத் தம்பி, பட்டறையின் தலைமை மெக்கானிக். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பதால் ஊரெல்லாம் அவனைக் காது என்றுதான் கூப்பிட்டது. ஏழு மாத உழைப்பு. வரும் புதன்கிழமை சிறுகார் சங்கத்தார் வருகிறார்கள். சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு எஞ்சின் பலத்தை அளக்கும் கருவியையும் கொண்டுவருகிறார்கள். பெட்டியை மஞ்சள் காரில் மாட்டி எல்லார் முன்னாலும் அளந்து காட்டுவதாக ஏற்பாடு.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே நோட்டீஸ் மேசைமேல் நான்கு பொருள்களை வரிசையாக வைத்தாள்.

"இது சாதாரணக் காகித ஃபில்டர். கம்பெனி குடுக்கறது. அழுக்கானா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணும். இது பஞ்சுத்துணி. கழுவிக் காயவெச்சு, இந்தச் சிவப்பு எண்ணெயை விட்டு, திரும்பத் திரும்ப மாட்டலாம். எண்ணெய்தான் தூசியைப் பிடிக்கும். ஆனா அளவு தப்பக் கூடாது. கூடினா எண்ணெய் உள்ள போய் காத்தை அளக்கற சென்சார் கம்பியில ஒட்டிக்கும். வண்டி இருமும்."

"இந்த வெள்ளை?"

"இது புதுசு. இதுவும் கழுவலாம். ஆனா எண்ணெயே வேண்டாத ரகம். பாருங்க, உள்ளே காகிதத்துல முதல் வரியே அதுதான்: எண்ணெய் இடக் கூடாது. சனிக்கிழமைதான் முதல் பெட்டி பிரிச்சோம். மஞ்சள் வண்டியில இருந்த பஞ்சுத்துணியை எடுத்துட்டு ஒண்ணை நானே மாட்டினேன், முதலாளியம்மா பக்கத்துல நின்னாங்க."

"இந்தக் கூம்பு மாதிரி இருக்கறது?"

"இதுதான் உங்க வீட்டுக்காரர் கேட்கறது. கிட். மூடி கிடையாது, குழாய் முனையில அப்படியே நிக்கும். சத்தம் பிரமாதமா இருக்கும். வண்டி வேகமாப் போற மாதிரியே தோணும்."

"போகுமா?"

"தோணும்னு சொன்னேன் மேடம்."

துணை ஆய்வாளர் சிரித்தார். நோட்டீஸுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. மூடி இல்லாததால் அந்தக் கூம்பு பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றையே உறிஞ்சும் என்றும், சூட்டுக் காற்றில் எஞ்சினுக்குப் பலம் குறையும் என்றும் விளக்கினாள். பிறகு வெளியே போய்த் துணை ஆய்வாளரின் காரில் இருந்த பழைய ஃபில்டரைக் கழற்றிக் கொண்டுவந்தாள். அது கரிச்சட்டித் துணிபோல இருந்தது.

"எப்ப மாத்தினது?"

"மாத்தணுமா?"

"நாலு வருஷம் இருக்கும் மேடம் இது. வண்டிக்கு வேற ஒண்ணும் வேண்டாம். காகிதமே போதும். மேம்பாலம் ஏறும்."

வேலை போகப்போகிறவள், மேசையில் இருந்ததிலேயே மலிவான பொருளை எடுத்து நீட்டுகிறாள் என்பதைத் துணை ஆய்வாளர் மனத்தில் குறித்துக்கொண்டார். ஆனால் அது சாட்சியம் ஆகாது.

9.40. அலமாரியைப் பார்த்தார். இரும்புக் கதவு. பூட்டில் ஒரு கீறல் இல்லை. கதவைத் தாங்கும் மூன்று கீல்களும் வெளிப்பக்கம் இருந்தன. குனிந்து பார்த்தபோது தரையில் பச்சைப் பெயின்ட் செதில்கள் கொஞ்சம் கிடந்தன. அலமாரியும் பச்சை. அவர் ஒரு செதிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளியம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது எங்க வீட்டு விஷயம் மேடம். கேஸ் எல்லாம் வேண்டாம்."

"கேஸ் இல்ல. சும்மா ரெண்டு கேள்வி. ஷட்டர் சாவி யார் யார்கிட்ட?"

"என்கிட்ட, இவகிட்ட, என் கொழுந்தன்கிட்ட. மூணு பேர்கிட்டயும்."

"பெட்டியைக் கடைசியாப் பார்த்தது?"

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. நான் பார்த்தேன், இவ பூட்டினா. ஞாயிறு லீவு."

"அப்ப உங்க கொழுந்தனார்?"

"அவன் சனிக்கிழமை வரவே இல்ல. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தான். அவனையா சந்தேகப்படறீங்க? அவன் செஞ்ச பெட்டி அது! காலையில காணோம்னதும் அவன் மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீங்க."

"ஞாயிறு நீங்க?"

"வீட்டுல. என் தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. பன்னிரண்டு பேருக்குச் சமைச்சேன். கேட்டுப் பாருங்க, உப்பு கூடிப்போச்சுன்னு பன்னிரண்டு பேரும் சொல்வாங்க."

"நீ?" என்று நோட்டீஸைப் பார்த்தார்.

"வீட்டுல துணி துவைச்சேன். சாட்சி கிடையாது. காயப்போட்ட கொடிதான் சாட்சி."

9.55. மஞ்சள் காரை வெளியே எடுக்கக் காது வந்தான். உயரமான, தோள் ஒடுங்கிய மனிதன். இடது கன்னம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. வணக்கத்தைக்கூடத் தலையாலேயே வைத்தான். தினமும் சைக்கிளில் வந்து சைக்கிளில் போகிறவன். காரைக் கிளப்பினான். எஞ்சின் ஓடியது, திணறியது, மறுபடி ஓடியது. வயதான ஆள் தொண்டையைச் செருமுவது போல இருந்தது.

"என்னாச்சு இதுக்கு? சனிக்கிழமை நல்லா இருந்ததே" என்றாள் நோட்டீஸ்.

"பெட்ரோல்" என்றான் காது, வாயைத் திறக்காமல். "தண்ணி கலந்திருக்கும்."

நோட்டீஸ் வண்டியின் கதவைத் திறந்து உள்ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு காகிதத்தைப் பார்த்தாள். புது ஃபில்டர் மாட்டினால் மாட்டிய தேதியையும் வண்டி ஓடியிருந்த கிலோமீட்டரையும் எழுதி ஒட்டச் சொல்லி ஃபில்டருடன் வந்த காகிதத்தில் போட்டிருந்ததாம். எழுதி ஒட்டியிருந்தாள்: சனி, 48,212. இப்போது மீட்டரில் 48,263 என்று இருந்தது.

"அம்பத்தோரு கிலோமீட்டர்!" என்றாள். "நேத்து யாரோ ஓட்டியிருக்காங்க."

முதலாளியம்மாவின் பார்வை நேராக அவள்மேல் போனது. "பெட்டியைக் கொண்டுபோய்க் குடுக்க வண்டி வேணுமில்ல" என்றார்.

நோட்டீஸின் முகம் வெளுத்தது. தானே கண்டுபிடித்த சாட்சியம் தனக்கே எதிராக உட்கார்ந்துவிட்டது.

துணை ஆய்வாளர் எஞ்சினை அணைக்கச் சொன்னார். ஃபில்டர் இருக்கும் கறுப்புப் பெட்டியின் நான்கு கொக்கிகளையும் தானே விடுவித்து மூடியைத் தூக்கினார். உள்ளே ஃபில்டர் ஒழுங்காக, ஓரம் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. இளஞ்சிவப்பாக, ஈரப் பளபளப்போடு இருந்தது. அவர் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்து எடுத்தார். விரல் நுனியில் வெற்றிலை போட்டது போல ஒரு கறை.

மூடியைத் திரும்ப வைத்தார். "பத்து நிமிஷம் குடுங்க. ஒரு டீ குடிச்சுட்டு வரேன்" என்றார்.

10.30. திரும்பி வந்தபோது மூவரையும் மஞ்சள் கார் அருகே வரச் சொன்னார். இடித்த முழங்கால் இன்னும் வலித்தது. சுவரோரம் இருந்த அதே சக்கரத்தைக் கீழே சாய்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல சாவி. அலமாரியைத் திறக்கச் சாவியே தேவையில்ல. கீல் மூணும் வெளியே இருக்கு. ஒரு கம்பியை வெச்சுத் தட்டினா ஆணி மேல வந்துடும், கதவு பூட்டோட சேர்ந்து கையில வந்துடும். கீழே பெயின்ட் உதிர்ந்து கிடக்கு. போய்ப் பாருங்க, மூணு ஆணி தலையிலயும் பெயின்ட் விட்டுப்போயிருக்கு. அதனால சாவி வெச்சிருக்கறவதான் எடுத்தாங்கற பேச்சு முடிஞ்சது. ஷட்டரைத் திறக்கக்கூடிய மூணு பேருல யார் வேணா எடுத்திருக்கலாம்."

முதலாளியம்மா எட்டி உதிரிபாக அறையைப் பார்த்தார்.

"ரெண்டாவது, வண்டி. பெட்டியை விக்கறதுக்கு எடுத்தவங்களா இருந்தா, நாலு தெரு தள்ளி இருக்கற போட்டிக் கடைக்கு எதுக்கு அம்பத்தோரு கிலோமீட்டர்? அது கொண்டுபோன தூரம் இல்ல. ஓட்டிப் பார்த்த தூரம். பெட்டியை இதே வண்டியில மாட்டி, போய்ப் போய் வந்திருக்காங்க. மாட்டணும்னா உள்ள இருந்த ஃபில்டரைக் கழட்டணும். கழட்டினாங்க. அப்புறம் அழகா திருப்பி வெச்சாங்க."

"அது எப்படித் தெரியும்?" என்றார் முதலாளியம்மா.

"சனிக்கிழமை இதுல மாட்டினது எண்ணெய் போடக் கூடாத ஃபில்டர். நீங்களே பக்கத்துல நின்னீங்க. வெள்ளையா இருந்தது. இப்ப திறந்து பாருங்க."

நோட்டீஸ்தான் திறந்தாள். "ஐயையோ! யாரு இதுக்கு எண்ணெய் விட்டது? சென்சார் போயிருக்குமே! அதான் வண்டி இருமுது!" என்று கத்தினாள். திருட்டுப் பழியைவிட அது அவளை அதிகமாகச் சுட்டது போலிருந்தது.

"அதைத்தான் நானும் யோசிச்சேன். இந்தப் பொண்ணு விட்டிருப்பாளா? எண்ணெய் இடக் கூடாதுன்னு எனக்கே படிச்சுக் காட்டினவ. நீங்க விட்டிருப்பீங்களா? மாட்டும்போது பார்த்தவங்க. சனிக்கிழமை இங்க இல்லாத ஒருத்தருக்குத்தான் ஃபில்டர் மாறினதே தெரியாது. இத்தனை வருஷமா ஒரு ஃபில்டரைக் கையில எடுத்தா எண்ணெய் விடாம திருப்பி வைக்காத கை அது. காகிதத்தையும் படிக்காத ஆளு. திருட வந்தவன் எவனும் போற போக்குல ஃபில்டருக்கு எண்ணெய் போட்டுட்டுப் போக மாட்டான். வண்டியை நேசிக்கறவன் மட்டும்தான் போடுவான்."

காது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலது கை தானாக வீங்கிய கன்னத்துக்குப் போனது.

"இன்னொண்ணு. பெட்ரோல்ல தண்ணின்னு சொன்னீங்களே. எஞ்சின் சத்தத்துல எதையும் கண்டுபிடிக்கற ஆளு, இதை மட்டும் தப்பாச் சொன்னீங்க. அது வேணும்னு சொன்னதில்ல. எண்ணெயா இருக்கும்னு உங்களுக்குத் தோணவே இல்ல. இது எண்ணெய் விடற ஃபில்டர்னு நெனச்சுட்டிருந்தீங்க."

"ஆமா" என்றான் காது.

ஒற்றைச் சொல். முதலாளியம்மா மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "டேய்... நீயா?"

"அண்ணி, திட்டாதீங்க. பல்லு வலிக்குது."

"பல்லா வலிக்குது? இன்னும் நாலு பல்லை நான் பிடுங்கறேன், இரு!"

"பெட்டி சரியில்ல அண்ணி." அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. "வெள்ளிக்கிழமையே சந்தேகம் வந்துடுச்சு. நேத்து மாட்டி, சுத்துச்சாலை ஏத்தத்துல ஆறு தடவை ஓட்டினேன். ஆறு தடவையும் பழசைவிட மெதுவாத்தான் ஏறுது. ஏழு மாசம்! புதன்கிழமை அத்தனை பேர் முன்னால உருளையில ஏத்தி, நம்பர் குறைஞ்சு வந்தா? சங்கத்துல நம்மளைப் பத்தி என்ன பேசுவாங்க? புதன் முடியறவரைக்கும் காணாமப் போகட்டும்னு நெனச்சேன். யாரையும் மாட்டிவிட நெனைக்கல."

"மாட்டிவிட்டீங்களே" என்றாள் நோட்டீஸ். அவள் குரல் உயரவில்லை. "காலையில எட்டே முக்கால்லேருந்து நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

"ஒரு மணிக்குள்ள சொல்லிடலாம்னு..."

"பன்னிரண்டு அம்பத்தொம்பதுக்கா?"

காது மஞ்சள் காரைக் காட்டிச் சொன்னான்: "ஃபில்டரு காய்ஞ்சு வெள்ளையா இருந்ததா, நீ சனிக்கிழமை கழுவிட்டு எண்ணெய் விட மறந்துட்டேன்னு நெனச்சேன். அண்ணி பார்த்தா உன்னைத் திட்டுவாங்களேன்னுதான் நானே விட்டேன்."

நோட்டீஸ் அவனை முறைத்தாள். முறைப்பு நெடுநேரம் நிற்கவில்லை. உதட்டோரம் கோணியது. "எனக்கு உதவி பண்ணினீங்களாக்கும்?"

"பெட்டி எங்கடா?" என்று அதட்டினார் முதலாளியம்மா.

"அதை நான் சொல்றேன்" என்று துணை ஆய்வாளர் எழுந்தார். "ஏழு மாசம் கையால செஞ்சதை யாரும் குப்பையில போட மாட்டாங்க. அவ்வளவு பெரிய பெட்டியைச் சைக்கிள்ல வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. நான் உட்கார்ந்திருந்த இந்தச் சக்கரம் எந்த வண்டியோடது?"

எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். அது மஞ்சள் காரின் ஸ்டெப்னி. நோட்டீஸ் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து, தரைவிரிப்பைத் தூக்கினாள். ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில், பழைய கம்பளிச் சட்டையில் சுற்றி, காற்றுப்பெட்டி படுத்திருந்தது.

அவள் அதை எடுத்து, சட்டையை விலக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மஞ்சள் காரின் எஞ்சினுக்கு மேலே பிடித்துப் பார்த்தாள்.

"இதோட வாய் எங்க வருது?"

"ரேடியேட்டருக்குப் பின்னால" என்றான் காது.

"ரேடியேட்டர் சூடு முழுக்க நேரா இதுக்குள்ளதான் போகும். பெட்டி குளிர்ச்சியா இருந்து என்ன? வாய் அடுப்புமேல இருக்கே! ஒரு குழாயை நீட்டி வாயை முன் கம்பிவலைக்குப் பக்கத்துல கொண்டுபோங்க. அந்தக் கூம்பு கிட்டோட காகிதத்துலகூட அதைத்தான் போட்டிருக்கான். நீங்கதான் பிரிச்ச உடனே கசக்கிக் கை துடைச்சீங்க."

காது பெட்டியைப் பார்த்தான். ரேடியேட்டரைப் பார்த்தான். வீக்கத்தையும் மறந்து வாய் பிளந்து நின்றான். அடுத்த நிமிடம் குழாய் தேடி மாடிக்கு ஓடினான். பாதிப் படியில் நின்று, திரும்பி இறங்கி வந்தான். நோட்டீஸின் எதிரே நின்றான்.

"மன்னிச்சுடும்மா" என்றான்.

"முதல்ல சென்சாரைக் கழட்டித் துடைங்க" என்றாள் அவள். "அப்புறம் பார்க்கலாம்."

முதலாளியம்மா உள்ளே போய், தன் கைப்பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து வந்து நோட்டீஸின் மேசைமேல் வைத்தார். "ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். எனக்கு எதுக்கு" என்று முணுமுணுத்துவிட்டு டீ சொல்லப் போனார்.

11.20க்குத் துணை ஆய்வாளர் காகித ஃபில்டரோடு கிளம்பினார். கார் மூன்றாவது கியரிலேயே மேம்பாலம் ஏறியது. கணவரிடம் சொல்லச் சத்தம் எதுவும் இல்லை. அன்று காலை நடந்ததை வேண்டுமானால் சொல்லலாம் என்று நினைத்தபோது அவருக்கு மனம் நிறைவாக இருந்தது.

ஜூன் 11, புதன்கிழமை, மாலை 4.10. சிறுகார் சங்கத்தின் உருளைக் கருவியில் மஞ்சள் கார் மூன்று முறை அளக்கப்பட்டது. பழைய பெட்டியோடு 61 குதிரைத்திறன். புதிய பெட்டியோடு 59. வாயைக் குழாய் போட்டு முன்னால் நீட்டிய பிறகு 64. மூன்று எண்களையும் காதுதான் கரும்பலகையில் எழுதினான். சங்கத்தில் ஆறு பேர் பெட்டி கேட்டுப் பெயர் கொடுத்தார்கள். பெயர்களை நோட்டீஸ் எழுதிக்கொண்டாள். வழக்கு எதுவும் பதிவாகவில்லை.